காய்ந்த கிணற்றில் நடந்த நிலக்கரிப் பயிற்சி

ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டே நிலக்கரி வெட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு மேஸ்திரி சொன்னார். வேலை போன தோல்ஷாப் ஆட்கள் நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் அவர் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று ஒருவன் நம்மை மணலில் படுக்க வைத்தால் எழுந்து வந்துவிடுவோம். ஆனால் இவர் தொப்பி போட்டிருந்தார். தொப்பி போட்டவர் சொன்னால் நம் ஜனங்கள் மணலிலும் கை கால் அடிப்பார்கள்.

பிள்ளைகளே, உங்கள் மாமாவின் தொடையில் இருக்கும் தழும்பைப் பற்றி நீங்கள் கேட்டபோது, ஒடுகத்தூர் மலையில் சிறுத்தை பிராண்டியது என்று அவர் சொல்லிவைத்திருக்கிறார். சிறுத்தைகள் பாவம், அவற்றின் மேல் வீண்பழி வேண்டாம். அது அவர் படித்த படிப்பினால் வந்த தழும்பு. நானும் அந்தப் படிப்பைத்தான் படித்தேன். எனக்குத் தழும்பு இல்லாமல் போனது என் முறை வருவதற்குள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால்தான்.

அப்போது நீங்கள் யாரும் பிறக்கவில்லை. சீமையில் தோலுக்குக் கிராக்கி விழுந்துவிட்டது என்றார்கள். வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர் வரையில் தோல் பதனிடும் ஷாப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. நான் தோலை ஊறவைக்க ஆவாரம்பட்டை இடிக்கிற இடத்தில் இருந்தேன். உங்கள் மாமா சுண்ணாம்புத் தொட்டியில் தோலை இறக்கி ஏற்றுகிற ஆள். அவர் ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரர். மண்ணைக் கொத்திக்கொண்டு கிடக்க என்னால் ஆகாது என்று ஊரை விட்டு வந்து, தோல்ஷாப்பில் சேர்ந்து, என் அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தவர். வேலை இருந்தவரைக்கும் வீட்டில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும். வேலை போன பிறகு, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் தலை நிமிராது. எங்கள் அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. உங்கள் அத்தை, அதாவது என் அக்கா, அப்போது முழுகாமல் இருந்தாள், தலைச்சன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேஸ்திரி வந்து இறங்கினார். வடக்கே தெலுங்கு நாட்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். அதற்கு ஆள் பிடித்து அனுப்புவது அவர் வேலை. அதற்கு முந்தின தடவை அவர் கூட்டிக்கொண்டு போன ஆட்கள், சுரங்கத்தின் வாயைப் பார்த்த மாத்திரத்தில் வந்த ரயிலிலேயே திரும்பி ஓடிவந்துவிட்டார்களாம். கம்பெனியார் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இனிமேல் புது ஆட்களுக்கு ஆபத்து வராமல் இருக்கும் வழிகளைச் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டி வரவேண்டும், அவர்கள் பழகுகிற வரையில் ஒருவர் கூடவே இருந்து கண்காணிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நல்ல உத்தரவுதான். அந்த உத்தரவை நிறைவேற்ற வேண்டிய வாத்தியாரும் தானே, கண்காணிக்க வேண்டிய சூப்பர்வைசரும் தானே என்று மேஸ்திரி முடிவு செய்ததில்தான் அது கெட்டது.

மூடிக் கிடந்த ஒரு தோல்ஷாப்பின் காவல்காரருக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டி, தோல் உலர்த்தும் கொட்டகையை மேஸ்திரி தம் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டார். காக்கி நிஜார், பூட்ஸ், கெட்டித் தொப்பி. தொப்பியைக் கழற்றினால் தரையில் வைக்கமாட்டார். புது ஆட்களில் ஒருவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு முறை போட்டிருந்தார். சாமி ஊர்வலத்தில் கற்பூரத் தட்டு பிடிக்கிறவனுக்கு இருக்கிற கர்வம் தொப்பி பிடித்தவனுக்கு இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் பாடம், ஏன் தோல்ஷாப் ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கினார் என்பது.

"சொரங்கத்துல கெட்ட காத்து இருக்கும்டா. அதான் மனுசன கொல்றது. கழனிக்காட்டு ஆள் போனா பொத்துனு வுழுந்துடுவான். நீங்க? சுண்ணாம்புத் தொட்டியில, அழுகல் தோலுல பொறந்து வளந்தவங்க. உங்க மூக்கு தாங்காத நாத்தம் உலகத்துல இருக்குதா?"

"இல்ல மேஸ்திரி!" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! கடைத்தெருவில் நாங்கள் நடந்துபோனால் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் எங்களுக்குக் கடைசிப் பந்தி. அந்த நாற்றமே ஒரு தகுதி என்று ஒரு தொப்பிக்காரர் வாயால் கேட்டதும் எங்களுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. எங்களுக்குள் ஏற்கெனவே அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. தோல் கெட்டால் மூக்கு சொல்லும், தொட்டி கெட்டால் மூக்கு சொல்லும். நாறினால் ஆபத்து, நாறாவிட்டால் ஒன்றுமில்லை. ஷாப்புக்குள் அது சரியாகவும் இருந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

அடுத்தடுத்த பாடங்களையும் சொல்லிவிடுகிறேன். துரை வந்தால் எப்படிச் சலாம் போடுவது என்பது ஒரு பாடம். அதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. கம்பி வலை போட்ட கண்ணாடி விளக்கு ஒன்று வைத்திருந்தார், சேப்டி லாந்தர் என்று பெயர் சொல்வார். அதைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருப்பார். "இது கம்பெனி சொத்து. உன் கை ஒடஞ்சா வேற ஆளு வருவான். இது ஒடஞ்சா சீமையிலேர்ந்து வரணும்" என்பது விளக்குப் பாடம். அவ்வளவுதான். அந்த விளக்கு எதற்காக, அதில் ஏன் வலை, அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. துடைப்பது எப்படி என்று மட்டும் காட்டினார்.

கூரை இடிந்து விழுந்தால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான்.

"ஓடணும்."

"எந்தப் பக்கம் மேஸ்திரி?"

"வுழாத பக்கம்! இத்தகூடவா சொல்லித் தரணும்? இன்னாடா ஆளுங்க நீங்க!"

எல்லோரும் சிரித்தோம். கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால், அங்கே இருந்து வந்துவிடுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் இதை உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் மாமா மட்டும் விடவில்லை. "மேஸ்திரி, எங்க ஊருப் பக்கம் பழைய கெணத்துல எறங்குனா மயக்கம் வரும்னு சொல்லுவாங்க. அங்க நாத்தம் ஒண்ணியும் இருக்காதுன்னுவாங்க. சொரங்கத்துலயும் அப்படி இருக்குமா?" என்றார்.

மேஸ்திரி தொப்பி பிடித்திருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஊர்க்காட்டுப் பேய்க் கதையெல்லாம் கம்பெனியில செல்லாதுப்பா. ரயில் ஏறச்சொல்லவே பயமா இருந்தா சொல்லிடு. கம்பளிய திருப்பிக் குடுத்துட்டு ஊட்டாண்ட போய் பொண்டாட்டிக்கு அரிசி பொடச்சிக் குடு."

சேர்ந்த அன்றைக்கே ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுத்திருந்தார். கம்பளி வாங்கியவன் கம்பெனி ஆள் என்று அர்த்தம். உங்கள் மாமா முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் அத்தை அவரிடம், "நீ கேட்டதுக்கு அந்த ஆளு பதிலே சொல்லலியே, அத்த கவனிச்சியா?" என்று கேட்டாள். அவர் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பயிற்சியின் உச்சம் கடைசியில் வந்தது. முந்தின ஆட்கள் இருட்டுப் பள்ளத்தைப் பார்த்துத்தானே ஓடினார்கள், ஆகையால் ரயிலேறும் முன்பே எல்லோரும் ஒரு தடவை பள்ளத்தில் இறங்கிப் பழக வேண்டும் என்று மேஸ்திரி யோசனை செய்தார். ஷாப்பின் பின்கட்டில் தண்ணீர் வற்றிப்போன ஒரு கிணறு இருந்தது. தொட்டியில் ஊறித் தீர்ந்த பட்டைச் சக்கையைப் பல வருஷமாக அதில்தான் கொட்டி வந்தார்கள். அந்த வாரம் மழை வேறு பெய்து, சக்கை ஊறி அடியில் அழுகிக் கிடந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்து உருளை இன்னும் மேலே இருந்தது. அதில் வடம் போட்டு, முனையில் ஊஞ்சல்போல ஒரு பலகை கட்டினார்கள். ஒவ்வொருவனும் பலகையில் உட்கார்ந்து, விளக்கோடு இறங்க வேண்டும். அடிக்குப் போனதும் பலகையை விட்டு இறங்கி, ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வரவேண்டும். மண் கொண்டுவந்தால் பாஸ்.

இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். "மாட்டையா எறக்குறோம்?" என்றார் மேஸ்திரி.

முதலில் யார்? கேள்வி கேட்டவர்தான். "வாய்யா பேய்க் கத! நீ எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்லு, உங்க ஊரு பேய் இங்க கீதான்னு."

உங்கள் மாமா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். அதன் மேல் அகலமான ஒரு தோல்வார் போட்டிருப்பார், ஷாப்பில் கழித்துப் போட்ட எருமைத் தோலில் அவரே அறுத்துக்கொண்டது. மேஸ்திரி அன்றைக்குத்தான் விளக்கைப் பட்டிலிருந்து எடுத்து ஏற்றினார். பலகையில் உட்கார்ந்து, விளக்கை மடியில் வைத்துக்கொண்டு, மாமா என்னைப் பார்த்து, "மச்சான், வடத்த பாத்து வுடுடா" என்றார். நான் வடத்தில் இல்லை. அன்றைக்குத் தொப்பி பிடிக்கிற முறை என்னுடையது.

பாதிக் கிணறு போவதற்குள் விளக்கு மங்கி, சட்டென்று அணைந்துவிட்டது.

"மேஸ்திரி, வெளக்கு நின்னு போச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஊதிட்டியாடா? ஒரு வெளக்கு புடிக்கத் தெரியல! கண்ணாடிய ஒடச்சிடாத!"

"ஊதலீங்க. அதுவா போச்சு."

"அதுவா போச்சாம்! பேய் ஊதிடுச்சி போல!" கிணற்றைச் சுற்றி ஒரே சிரிப்பு.

பிள்ளைகளே, அந்த விளக்கைச் செய்தவன் முட்டாள் இல்லை. கெட்ட காற்றுக்குப் பல சமயம் நாற்றமே இருக்காது, ஆனால் அது இருக்கும் இடத்தில் சுடர் மங்கும், அணையும். அதைப் பார்த்ததும் மனிதன் திரும்பிவிட வேண்டும். அதற்காகவே அதை மனிதன் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். சுரங்கத்துக்குப் போய் லீவில் வந்தவர்கள் பின்னால் எங்களுக்குச் சொன்னது இது. அன்றைக்கு அந்த விளக்கு எங்களிடம், வாயில்லாத ஜீவன் சொல்கிற மாதிரி, தெளிவாகச் சொல்லிப் பார்த்தது. அதன் பாஷை தெரிந்திருக்க வேண்டியவர், கண்ணாடி உடையுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மாமா மறுபடியும் கூப்பிட்டார். "எறங்கட்டுமா, வந்துடட்டுமா?"

"நாத்தம் ஏதாச்சும் அடிக்குதா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மோந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு குரல் வந்தது: "இல்ல மேஸ்திரி. நம்ம பட்டை வாசனதான்."

"அப்ப இன்னா பயம்? எறங்கு!"

நாங்களும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தோம். பட்டை வாசனை எங்களுக்கு நாற்றமே இல்லை. எங்கள் சட்டையில், தலைமுடியில், சோற்றில் எல்லாம் அந்த வாசனைதான். கிணற்றின் அடியிலிருந்து வீட்டு வாசனை வருகிறதென்றால் அங்கே என்ன ஆபத்து இருக்க முடியும்? இந்தத் தப்பைக் கழனிக்காட்டு ஆள் செய்யமாட்டான். தோல்ஷாப்பில் ஊறினவன்தான் செய்வான்.

வடம் தளர்ந்தது. மாமா அடியில் இறங்கிவிட்டார். மண்ணுக்காகக் குனிகிற நிழல் கொஞ்சம் தெரிந்தது. அந்த நிழல் நிமிரவில்லை.

"மாமா!" என்றேன். "மாமோவ்!" பதில் இல்லை.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "நடிக்கிறான். போன தபாவும் இப்படித்தான் ஒருத்தன் வவுத்த வலின்னு படுத்துக்கினான். யாரும் கத்தாதீங்க, தானா எழுந்து வருவான்."

வடம் பிடித்திருந்தவர்களில் ஒருவன் அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வடத்தைப் பற்றிக்கொண்டு சரசரவென்று இறங்கினான். பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டான். "தூக்குங்கடா, தல சுத்துது, தூக்குங்கடா!" என்று அலறினான். இழுத்துப் போட்டோம். வாயைப் பிளந்துகொண்டு மீன்போல மூச்சு வாங்கினான். மேஸ்திரி அவன் மேல் குனிந்து கேட்டார், "இன்னா வாசன அடிச்சிது?"

அந்தக் கேள்வியை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

இனி இன்னொரு ஆளை இறக்கினால் இன்னொரு பிணம்தான் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆள் இறங்காமல் ஆளை எடுக்க வேண்டும். கிணற்றில் விழுந்த குடத்தை நாம் எதில் எடுப்போம்? பாதாளக் கரண்டியில். அது யார் மனதில் முதலில் வந்ததோ தெரியாது. "பாதாளக் கரண்டி! பாதாளக் கரண்டி!" என்று பல பேர் கத்தினார்கள். நான் ஓடினேன்.

ஷாப்பை ஒட்டின தெருவில் ஒரு பீபிம்மா வீட்டில் அது உண்டு. சுற்று வட்டாரத்துக்கே அது ஒன்றுதான். கொக்கிகள் கொத்தாகத் தொங்கும் கனத்த இரும்பு. அடமானமாக ஒரு பாத்திரம் வைக்காமல் அந்த அம்மா யாருக்கும் கொடுத்ததில்லை.

"பீபிம்மா, கரண்டி குடுங்க! கெணத்துல வுழுந்துடுச்சி!"

கதவுக்கு உள்ளேயிருந்து சாவகாசமாகக் கேட்டார்கள், "இன்னாப்பா வுழுந்துச்சி? கொடமா, வாளியா?"

"எங்க மாமா!"

"யா அல்லா!" என்று ஒரு சத்தம். கரண்டி கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது. கூடவே, பழக்க தோஷத்தில், அடமானத்துக்கு ஒரு கையும் நீண்டது. என் கையில் மேஸ்திரியின் தொப்பி இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை அந்தக் கையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். எனக்குத் தெரிந்து அந்தத் தொப்பி உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

நான் வருவதற்குள் அத்தைக்குச் செய்தி போய், அவள் கிணற்றுமேட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். அழவில்லை. கத்தவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி, "நேரா கீழ இல்ல, தெக்கால சாஞ்சி கிடக்குறாரு. அங்க வுடுங்க, அங்க" என்று இடம் காட்டினாள். வடத்தின் முனையில் கரண்டியைக் கட்டி இறக்கினோம். முதலில் வெறும் சக்கை வந்தது. அடுத்து விளக்கு வந்தது. மேஸ்திரி ஓடிவந்து அதை எடுத்துக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் எரிந்து போயிருக்க வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவர்கள் எரிவதில்லை.

மூன்றாவது தடவை கனத்தது. ஒரு கொக்கி அந்த எருமைத் தோல்வாரில் மாட்டியிருந்தது. இன்னொன்று தொடையில் இறங்கியிருந்தது. அத்தைக்கு அது தெரியவேண்டாம் என்று நாங்கள் ஒன்றும் பேசாமல் இழுத்தோம். வாரைப் பிடித்துத் தொங்கவிட்ட ஈரத் தோலைப்போல உங்கள் மாமா மேலே வந்தார். உதடு கறுத்திருந்தது. கிடத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, மார்பைத் தேய்த்து, கம்பளியால் விசிறினோம். அத்தை அவர் காதருகே குனிந்து, "எழுந்துரு. இங்க பாரு. எழுந்துரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்து ஒரு விக்கல். பிறகு மூச்சு. பிறகு வாந்தி. வாந்தி எடுக்கிறவனைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

அப்போது மேஸ்திரி மாமாவின் வலது கையைப் பிரித்துப் பார்த்தார். இறுக மூடியிருந்த விரல்களுக்குள் ஈர மண் இருந்தது.

"பாரு! மண்ண வுடல!" என்று எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பாஸ்!"

கேலி செய்ய நினைத்துச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். அதனால்தான் அவரை இன்று வரையில் என்னால் மன்னிக்க முடியவில்லை. பொல்லாதவன் என்றால் பயந்து ஒதுங்கிப் போகலாம். ஒரு மனிதன் செத்துப் பிழைத்ததைப் பார்த்து மார்க் போடுகிறவனை என்ன செய்வது?

காயம் ஆறுவதற்காக மாமா வீட்டில் கிடந்தார். தெருவில் அவருக்குக் 'கிணத்துத் தூக்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளக்குப் பிடிக்கத் தெரியாதவன், பாதியில் மயங்கினவன் என்று சிரிப்பு. இதில் கூத்து என்னவென்றால், காலை ஊன்ற முடிந்ததும் அவர், "நான் ரயிலேறத்தான் போறேன்" என்றார். "எல்லாரும் போய்ட்டு நான் மட்டும் ஊட்ல குந்திக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்?"

அத்தை அவரோடு வாதாடவில்லை. "சரி, போ. ஆனா மேஸ்திரிய நான் ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு அனுப்புறேன்" என்றாள்.

ரயிலுக்கு முந்தின நாள் மேஸ்திரி மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். தொப்பியை மீட்டுக்கொண்டு வந்திருந்தார். "இன்னாம்மா, புருசன தயார் பண்ணிட்டியா? கெட்ட காத்த நேர்ல பாத்துட்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான். அங்க இவனத்தான் மத்தவங்களுக்கு மேல வைக்கப் போறேன்."

"தயாராதான் இருக்காரு" என்றாள் அத்தை. "நீங்க ஒரு தபா அந்தக் கெணத்துல எறங்கி ஒரு புடி மண்ணு எடுத்துகினு வாங்க. வந்ததும் அனுப்பி வைக்கிறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார், ஆனால் தனியாக. "நான் எறங்குறதா? நான் சூப்பர்வைசர்மா. நான் எறங்கிட்டா மேல இருந்து பாக்குறது யாரு?"

"அன்னிக்கி மேல இருந்து இன்னா பாத்தீங்க?"

மேஸ்திரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அன்று வடத்தில் இறங்கித் தலை சுற்றித் திரும்பியவன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். "மேஸ்திரி, கெணத்த வுடுங்க. அங்க சொரங்கத்துல நீங்க எறங்கி இருக்கீங்களா?"

"அங்க எனக்கு இன்னாடா கீழ வேல? ஆளுங்கள எண்ணி உள்ள வுடுறதுதான் என் வேல. மேலயே எனக்கு ஆபீசு இருக்குது."

அவர் இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, அந்தஸ்தாகத்தான் சொன்னார். எங்களுக்குச் சுரங்கத்தைப் பற்றி அத்தனை நாள் பாடம் நடத்தியவர் சுரங்கத்தின் வாசற்படியோடு நின்றவர்.

உங்கள் மாமா வீட்டுக்குள் போனார். கால் இன்னும் இழுத்தது. கறுப்புக் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு வந்து மேஸ்திரியின் தோளில் போட்டார். "நான் வரல" என்றார். நான் என்னுடையதையும் கொண்டுவந்து கொடுத்தேன். வடத்தில் இறங்கியவனும் கொடுத்தான்.

எல்லோரும் கொடுத்தார்கள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் மறுநாள் ரயிலேறிப் போனார்கள். அவர்கள் எங்களைவிட முட்டாள்கள் இல்லை, வீட்டில் அடுப்பு எரியவேண்டும், அவ்வளவுதான். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என் ஆத்திரமெல்லாம் அந்தத் தேவையை வாசலில் நிறுத்திவைத்து, கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி ஒன்றுமே கற்றுக்கொடுக்காமல் உள்ளே அனுப்பினவர்கள் மேல்தான்.

அந்த வாரமே மாமாவும் அத்தையும் ஒடுகத்தூருக்குப் போனார்கள். அவருடைய அண்ணன் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். எந்த மண்ணைக் கொத்த மாட்டேன் என்று ஊரை விட்டு வந்தாரோ, அதே மண்ணில் குந்தி உட்கார்ந்து வெயிலில் கடலை பிடுங்கினார். முதுகு போச்சு என்றார், கை போச்சு என்றார், அண்ணன் கஞ்சியில் உப்பு கம்மி என்றார். சாயங்காலம் ஆனால் அவர் புலம்பல் பக்கத்துக் கழனி வரைக்கும் கேட்கும். நான் பார்க்கப் போயிருந்தபோது அக்காவிடம், "எப்படிக்கா இத்த தாங்குற?" என்று கேட்டேன்.

"பேசட்டும்டா" என்றாள். அவள் கடலையை உதறிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. "எவ்ளோ வேணா பேசட்டும்."